இரண்டு கதவு, ஒரு மச்சம்

அரங்கம் நிறைந்துவிட்டது என்று டிக்கெட் கிழிப்பவர் ஓடிவந்து சொன்னபோது அண்ணியின் வாயில் நாலைந்து ஹேர்பின்கள் இருந்தன. சிரித்தால் விழுங்கிவிடுவாள். அதனால் புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

"நிறைஞ்சுடுச்சுன்னா எப்படி?" கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்த சின்னவள் தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"படிக்கட்டுல உட்கார்ந்திருக்காங்கம்மா. பால்கனியையும் திறந்து விட்டாச்சு. என் நாற்காலியைக்கூட ஒருத்தர் தூக்கிட்டுப் போயிட்டார்."

"ஐயோ, அப்ப நீங்க எங்க தூங்குவீங்க?"

பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கண் மை தீட்டும் நேரத்தில் சிரிக்காதே என்று அண்ணி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். சொன்னதைக் கேட்கிற குடும்பமா அது.

அண்ணியின் சொந்தப் பெயர் அந்த நாடகக் குழுவில் யாருக்கும் ஞாபகம் இல்லை. இரண்டு நாத்தனார்களும் அண்ணி என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு, விளக்குக்காரர், தச்சர், வேன் ஓட்டுபவர் எல்லோருமே அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். பெரியவளின் கணவன் உறவு முறைப்படி அக்கா என்று கூப்பிட வேண்டியவன். அவனுக்கும் அண்ணிதான். இயக்குநரும் அவன்தான், நாடகத்தில் முக்கால்வாசி நேரம் மேடையில் கத்திக்கொண்டிருக்கும் முதலாளி வேஷமும் அவன்தான். எந்த அறைக்குள்ளும் அவன் நடந்து வந்து யாரும் பார்த்ததில்லை. ஏதாவது ஒன்றைத் தட்டிவிட்டுக்கொண்டுதான் வருவான். அதனால் அவனுக்குப் புயல் என்று பெயர்.

அன்றைக்கு அவன் தட்டிவிட்டது பவுடர் டப்பாவை.

"அண்ணி, வலது கதவு கீல் ஆடுது. ஸ்க்ரூடிரைவர் எங்க? முதல் மணி அடிக்கப்போறாங்க. தச்சர் டீ குடிக்கப் போயிட்டார். இந்த ஊர்ல டீயை எங்க காய்ச்சுறாங்க, மலை மேலயா?"

ஸ்க்ரூடிரைவர் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அண்ணனின் கருவிப் பெட்டியில்.

அண்ணன் என்றால் அண்ணியின் கணவர், அந்த இரண்டு பெண்களுக்கும் மூத்தவர். குழுவுக்கு செட் போட்டது அவர். இந்த நாடகத்தின் இரண்டு கதவுகளும் அவர் கடைசியாகச் செய்தவை. அவர் போன பிறகு நாடகத்தை மூட்டை கட்டி வைத்தார்கள். இந்த வருஷம்தான் தூசி தட்டி எடுத்தார்கள். கதவுகளை எடுத்தார்கள், உடைகளை எடுத்தார்கள், அந்தப் பெட்டியை மட்டும் வேனில் ஏற்றி இறக்கினார்களே தவிர ஒருவரும் திறக்கவில்லை. தச்சர்கூடத் தன் கருவிகளைத் தனியே ஒரு பையில் கொண்டுவருவார். அந்தப் பை இப்போது அவரோடு டீக்கடையில் இருந்தது.

அண்ணி பின்களை மேசையில் துப்பினாள். போய்ப் பெட்டியைத் திறந்தாள். ஸ்க்ரூடிரைவர் மேலேயே இருந்தது. புயல் அதைப் பிடுங்கிக்கொண்டு பறந்தான். உப்புத்தாள் கட்டுக்கு அடியில் கறுப்பாக ஏதோ மின்னியது. இழுத்தாள்.

"ஏய், இங்க பாருங்கடி" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அச்சு. உங்க அண்ணன் வெட்டின அச்சு."

உள்ளங்கை அளவு எக்ஸ்ரே பிலிம். நடுவில் ஒரு ஓட்டை.

இந்த அச்சு எதற்கென்று தெரிய வேண்டுமானால் நாடகம் தெரிய வேண்டும். ஒருத்தி எதிரெதிராக இருக்கும் இரண்டு வீடுகளில் ஒரே நேரத்துக்கு வேலைக்கு ஒப்புக்கொண்டு மாட்டிக்கொள்கிறாள். இடது கதவு வழியாகப் போகிறவள், கதவு சாத்துகிற சத்தம் அடங்குவதற்குள் வலது கதவு வழியாக, கையில் வேறு பாத்திரத்தோடு வருகிறாள். சனங்கள் வாயைப் பிளப்பார்கள். ஒருத்தியால் எப்படி முடியும்? முடியாது. பெரியவள் போவாள், சின்னவள் வருவாள். அச்சில் வார்த்தது போன்ற முகம் இருவருக்கும், வயதில்தான் கொஞ்சம் வித்தியாசம். அதை அண்ணியின் மேக்கப் சரிக்கட்டிவிடும். முடிவில் திரை விழுவதற்கு முன்னால் இருவரும் கைகோத்து வந்து நிற்பார்கள். அப்போதுதான் குட்டு உடையும். கூரை பிய்ந்துகொண்டு போகும்.

பெரியவளுக்கு இடது தோளின் பின்பக்கம் ஒரு மச்சம். சின்னவளுக்கு இல்லை. மறைப்பதற்குப் பதிலாக அதையே நாடகத்தில் வைத்துவிட்டான் புயல். முதலாளி விரலை நீட்டிக் கத்துவான்: "எங்க ஓடினாலும் அந்த மச்சத்தை வச்சு உன்னைப் பிடிச்சிடுவேன்." அவள் முதுகைக் காட்டி, தோளை ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போவாள். கைதட்டல். அடுத்த கதவில் சின்னவள் முதுகைக் காட்டிக்கொண்டே வருவாள், அதே மச்சத்தோடு. இன்னும் பெரிய கைதட்டல்.

சின்னவளுக்கு மச்சம் வரையத்தான் அச்சு. அப்போது அண்ணன் படுக்கையில் இருந்தார். வீட்டில் எக்ஸ்ரே பிலிமுக்குப் பஞ்சமில்லை. "என் நெஞ்சு வேற எதுக்குப் பயன்படப் போகுது" என்று சொல்லி, பெரியவளைக் கட்டில் ஓரம் உட்காரவைத்து, பிலிமை அவள் தோளில் வைத்து ஊசியால் மச்சத்தைச் சுற்றிப் புள்ளி குத்தி, சிறு கத்தியால் வெட்டினார். மேடைச் சாமான் எதிலும் மயிரிழை பிசகவிட மாட்டார் அந்த மனுஷன்.

தன் காலில் மட்டும்தான் பிசகவிட்டார். மேடைத் தரைக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிப்பது வழக்கம். வெறுங்காலோடு வேலை செய்கிறவர்களின் பாதம் எப்போதும் கறுத்திருக்கும். அவருடைய குதிகாலுக்குப் பக்கத்தில் இருந்த கறுப்பையும் எல்லோரும் பெயிண்ட் என்றே நினைத்தார்கள். அவர் அதைத் தின்னர் போட்டுத் தேய்த்தார். போகவில்லை என்றதும் பெயிண்ட் கம்பெனியைப் பாராட்டினார். டாக்டரிடம் காட்டியபோது அது தொடை இடுக்கு வரை ஏறியிருந்தது. தோலில் வருகிற புற்றுநோய். மெலனோமா என்ற சொல்லை அந்த வீடு அன்றுதான் கேட்டது.

அதன் பிறகு குழுவில் ஒரு சட்டம் வந்தது. முதல் மணி அடித்ததும் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து பாதத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். அண்ணி ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பாள். விரலிடுக்கு, நகக்கண், குதிகால். கூச்சத்தில் கத்துவார்கள், உதைப்பார்கள். வேன் ஓட்டுபவர் மேடை ஏறுவதே இல்லை, அவரும் காலை நீட்டுவார்.

அன்றைக்கும் பார்த்தாள். எல்லோர் பாதமும் சுத்தம். துணியை உதறிவிட்டு அச்சை எடுத்தாள். இந்த ஆறேழு மாதமாக அசலைப் பார்த்துப் பார்த்துக் கையால்தான் வரைந்துகொண்டிருந்தாள். இன்றைக்கு அவர் வெட்டியது கிடைத்திருக்கிறது. இவ்வளவு பெரிய அரங்கம், படிக்கட்டு வரை கூட்டம், அவருடைய கதவு, அவருடைய அச்சு. ஸ்பாஞ்சை மையில் தொட்டு ஓட்டையில் ஒற்றியபோது அண்ணிக்கு அத்தனை சந்தோஷம்.

இரண்டாவது மணி. திரை.

முதல் காட்சியிலேயே கூட்டம் பைத்தியமாகிவிட்டது. கதவு சாத்தினால் சிரித்தார்கள், திறந்தால் சிரித்தார்கள். தும்மல் வசனத்துக்கு ஒருவர் நிஜமாகவே தும்மிவிட, அதற்கும் சிரிப்பு. பக்கத் திரையின் பின்னால் அண்ணி ஒரு கையில் தண்ணீரும் மறு கையில் ஸ்பாஞ்சுமாக நின்றாள்.

புயல் உள்ளே பாய்ந்து வந்தான். வியர்த்து ஒழுகியது.

"அண்ணி, என்ன மச்சம் வரைஞ்சு விட்டிருக்கீங்க சின்னவளுக்கு? கொசு உட்கார்ந்த மாதிரி இருக்கு. அவ அக்கா முதுகுக்கும் இவ முதுகுக்கும் மாமியார் மருமக மாதிரி பொருத்தம்."

"உங்க மச்சான் வெட்டின அச்சு தம்பி. அவரு அளவு தப்பாது."

"அப்ப பிலிம் சுருங்கியிருக்கும். வெயில்ல கிடந்த பெட்டிதானே. இடைவேளையில பெருசாக்கி விடுங்க." சொல்லிவிட்டு மேடைக்கே ஓடினான். ஓட்டத்தில் ஒரு முக்காலி சாய்ந்தது.

அண்ணிக்குக் கோபம் வந்தது. அவர் அளவைக் குறை சொல்வதா? பெரியவள் இடது கதவு வழியாக வந்து தண்ணீருக்குக் கை நீட்டியதும், "திரும்பு" என்றாள். அவள் குடிக்கும் நேரத்தில் அச்சைத் தோளில் வைத்து, பக்கத் திரைக்குப் பின்னால் எரிந்த சின்ன விளக்கின் பக்கம் அவளைத் தள்ளினாள். ஓட்டையின் மேல் விளிம்பு மச்சத்தின் மேல் விளிம்போடு கச்சிதமாகப் பொருந்தியது. இடது பக்கமும் பொருந்தியது. பிலிம் சுருங்கவில்லை என்று நிரூபித்துவிட்ட திருப்தியில் அண்ணி கண்ணைக் கீழே இறக்கினாள்.

கீழ் விளிம்பைத் தாண்டிக் கறுப்பு வழிந்திருந்தது.

மை சிந்தியது போல. நேர்க்கோடாக இல்லை, நாக்கை நீட்டியது போல வளைந்து, ஓரம் கலைந்து. மேலே பழைய பழுப்பு. கீழே வேறு நிறம், கன்னங்கரேல் என்று.

"என்ன அண்ணி, பேனா?" என்றாள் பெரியவள், தண்ணீரைத் துடைத்தபடி.

"போ. உன் வசனம் வருது" என்றாள் அண்ணி.

பெரியவள் போனாள். புயல் விரலை நீட்டி மச்ச வசனத்தைச் சொன்னான். அவள் முதுகைக் காட்டி ஒரு வெட்டு வெட்டினாள். அரங்கம் முழுவதும் அந்த மச்சத்தைப் பார்த்துக் கைதட்டியது. அண்ணி ஸ்பாஞ்சைப் பிடித்தபடி நின்றாள். ஆறேழு மாதமாக ஊர் ஊராக இத்தனை பேர் பார்த்த மச்சம். அவளும்தான் பார்த்தாள், மற்றவர்களைவிடப் பக்கத்தில் இருந்து. அது வளர வளரச் சின்னவளின் தோளிலும் சேர்த்து வளர்த்துவிட்டாள். அசலைப் போலவே நகல் இருக்கிறதா என்று பார்த்தாளே தவிர, அசல் அசலாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

நாடகம் முடிந்து, இருவரும் கைகோத்து நின்று, கூரை பிய்ந்து, மாலை வெளிச்சத்தில் கூட்டம் கலையத் தொடங்கிய பிறகுதான் சொன்னாள். ஒப்பனை அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். புயல் தரையில் கால் படாமல் இருந்தான். இன்னும் மூன்று ஊர்க்காரர்கள் வந்து நாடகத்துக்குத் தேதி கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் வேன் கிளம்ப வேண்டும்.

பெரியவள் முதலில் சிரித்தாள். "பிறந்ததுல இருந்து இருக்கிற மச்சம் அண்ணி. நான் கொஞ்சம் பெருத்துட்டேன், அதுவும் பெருத்திருக்கும்."

"பெருத்தா எல்லாப் பக்கமும் பெருக்கும். இது ஒரு பக்கம் மட்டும் வழியுது."

"நம்ம குடும்பத்துக்கு அது பாதத்துல வர்றதுதானே? நீங்கதான் தினமும் கிச்சுகிச்சு மூட்டிப் பார்க்கிறீங்களே."

"அக்கா, என் முதுகை என்னால பார்க்க முடியாதுன்னுதானே மச்சம் வரைய அண்ணி இருக்காங்க" என்று சின்னவள் சொன்னாள். அவளுக்கு ஏற்கனவே குரல் மாறியிருந்தது. "உனக்கும் முதுகு தெரியாது. தெரிஞ்சவங்க சொல்றாங்க, கேளு."

புயல் கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணி, காட்டலாம். யார் காட்ட வேணாம்னாங்க? இந்த டூர் முடியட்டும். முடிஞ்ச மறுநாள் நானே தூக்கிட்டுப் போறேன்."

அண்ணி கண்ணாடியில் ஒட்டியிருந்த பவுடரைத் துடைத்தாள். "உங்க மச்சானும் அதான் சொன்னாரு தம்பி. இந்தக் கதவு ரெண்டும் முடியட்டும்னு."

அறையில் யாரும் பெட்டி கட்டவில்லை. கீலைச் சரிசெய்த ஸ்க்ரூடிரைவர் புயலின் பின்பாக்கெட்டில் இன்னும் இருந்தது. அதை எடுத்து, போய், கருவிப் பெட்டியில் வைத்தான். எதையும் தட்டிவிடாமல் நடந்தான்.

"போற வழியில பெரிய ஆஸ்பத்திரி இருக்கு" என்றான் திரும்பி வந்து. "வேனை அங்க நிறுத்தச் சொல்றேன்."

சின்னவள் முகத்தைக் கழுவினாள், மச்சத்தைக் கழுவவில்லை. அசலையும் பழைய அளவையும் சேர்த்துக் காட்டலாம் என்றாள். அன்றைக்கு அவள் குப்புறப் படுத்தே தூங்கினாள்.

காலையில் கூரைமேல் இரண்டு கதவுகளைக் கட்டிக்கொண்டு வேன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. காவலாளி சுற்றிவந்து பார்த்தார்.

"வீடு மாத்துறீங்களா?"

"வீடு இல்லைங்க, கதவு மட்டும்தான்" என்றான் புயல். அவர் யோசித்துக்கொண்டே கம்பியைத் தூக்கிவிட்டார்.

தோல் டாக்டரின் அறைக்கு முன்னால் நீண்ட பெஞ்சு. நர்ஸ் கூப்பிட்டபோது பெரியவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள், சின்னவள் பதற்றத்தில் எழுந்து உள்ளே போய்விட்டாள். பழக்க தோஷம். ஒரு கதவு திறந்தால் யாராவது ஒருத்தி போயாக வேண்டும். டாக்டர் அவளை விடச் சின்னப் பெண்ணாக இருந்தாள், வேகமாகப் பேசினாள். மச்சம் மாறியிருக்கிறதாமே என்று சொல்லித் தோளைப் பார்த்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தாள். மச்சம் பஞ்சோடு வந்துவிட்டது.

டாக்டர் பஞ்சைப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள். "அழிஞ்சிடுச்சே" என்றாள், தான் ஏதோ உடைத்துவிட்டது போல.

"அது அளவு காட்ட வச்சிருந்தது டாக்டர்" என்றாள் அண்ணி, பெரியவளை முன்னால் தள்ளிக்கொண்டு. "இதுதான் அழியாதது."

எல்லோரும் சிரித்தார்கள், டாக்டரும்தான். புயல் கதவிடுக்கில் நின்று சிரித்தான். சிரித்துக்கொண்டே டாக்டர் இரண்டாவது பஞ்சை எடுத்துப் பெரியவளின் தோளைத் துடைத்தாள். துடைத்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. ஒவ்வொருவர் சிரிப்பாக நின்றது. சின்ன விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடியைத் தோளில் வைத்து அவள் நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு அச்சைக் கேட்டு வாங்கி மேலே வைத்தாள்.

"இது எப்ப வெட்டினது?"

"நாலு வருஷம் இருக்கும்."

"மச்சம் மாறியிருக்கான்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியாது. சந்தேகமாத்தான் இருக்கும். இவ்வளவு துல்லியமா யார் வெட்டினது?"

"எங்க அண்ணன்" என்றாள் பெரியவள். அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று டாக்டர் கேட்டாள். சொன்னார்கள். பாதச் சட்டத்தையும் சொன்னார்கள்.

"பாதத்தைப் பார்க்கிறது ரொம்ப நல்லது, விடாதீங்க. ஆனா திருடன் போன தடவை பின்வாசல்ல வந்தான்னு பின்வாசலுக்கு மட்டும் காவல் போட்டிருக்கீங்க. கூடப் பிறந்தவருக்கு வந்திருந்தா மத்தவங்களுக்கு வர வாய்ப்பு கூடுதல். உச்சந்தலையில இருந்து பார்க்கணும். முதுகு, காதுக்குப் பின்னால, எல்லாம்." பிறகு பெரியவளுக்கு நேராக உட்கார்ந்தாள். "இது அதுதான்னு இப்ப நான் சொல்லலை. வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாத்தான் தெரியும். அப்படியே இருந்தாலும், ஆழமா இறங்குறதுக்கு முன்னால எடுத்துட்டா எடுத்ததோட போயிடும். இன்னைக்கே எடுத்துடலாமா?"

பெரியவள் அண்ணியைப் பார்த்தாள், புயலைப் பார்த்தாள். "கைதட்டல் வாங்கித் தந்த மச்சம் டாக்டர்" என்றாள். "பார்த்து எடுங்க."

மரத்துப்போக ஒரு ஊசி, நாலு தையல், ஒரு கட்டு. மதியத்துக்குள் வேன் மறுபடி ஓடியது. அடுத்த ஊர் பக்கம்தான். முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

அந்த வாரம் அண்ணிக்குக் கைகால் ஓரிடத்தில் நிற்கவில்லை. உடைகளின் இடது பக்கத்தில் ஒரு மேல்துண்டைத் தைத்து, பெரியவளின் காயக்கட்டை மறைத்தாள். மச்சம் இல்லாமல் நாடகம் இல்லையே. அவர் வெட்டிய அச்சை வைத்து இருவருக்கும் வலது தோளில் வரைந்தாள். மச்சம் தோள் மாறினால் சனங்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று புயல் நகத்தைக் கடித்தான். முந்தின ஊரில் பார்த்த சிலரும் மறுபடி வந்திருந்தார்கள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அதே இடத்தில் அதே கைதட்டல். அண்ணிக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

முடிவு வந்துவிட்டது, நேரில் வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் இருந்து போன் வந்த நாள், பிற்பகல் காட்சி இருந்த நாள். நேரில் வாருங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று ஆளுக்கு ஒரு அர்த்தம் சொன்னார்கள். புயல் காட்சியை ரத்து செய்கிறேன் என்றான்.

"வேணாம் மாமா" என்றாள் சின்னவள். "அக்காவும் அண்ணியும் போகட்டும். நான் ஓடுறேன்."

"எங்க ஓடுறே?"

"இந்தக் கதவுல இருந்து அந்தக் கதவுக்கு. ஒருத்தியே செய்யறான்னு தானே சனங்க நம்புறாங்க. ஒரு நாளைக்கு நிஜமாவே ஒருத்தி செஞ்சுட்டுப் போறா. நீங்க நடுவுல கொஞ்சம் அதிகமாக் கத்துங்க."

"கத்துறதுக்கா எனக்குச் சொல்லித் தரணும்" என்றான் புயல். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

அண்ணியும் பெரியவளும் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி அரங்கத்தின் பின்வாசலில் இறங்கியபோது உள்ளே சிரிப்பு அலை அலையாக மோதிக்கொண்டிருந்தது. பெரியவள் ஆட்டோவுக்குள் இருக்கும்போதே கூந்தலைக் கட்டி முடித்திருந்தாள். நாடக உடையைத்தான் போட்டுக்கொண்டு போயிருந்தாள். வலது தோளில் மச்சத்தையும் காலையிலேயே அண்ணி வரைந்து விட்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும்.

"நில்லுடி. அவளே சமாளிச்சுட்டு இருக்கா" என்று அண்ணி கையைப் பிடித்தாள்.

"அவர் மேடையில இருக்கார் அண்ணி. காட்சி முடியற வரைக்கும் அவர் தாங்கமாட்டார். நானும் தாங்கமாட்டேன்." கையை உருவிக்கொண்டு பெரியவள் ஓடினாள்.

சின்னவள் அப்போதுதான் இடது கதவு வழியாக வெளியேறி, செட்டுக்குப் பின்னால் இருட்டில், மூச்சு வாங்க, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வலது கதவை நோக்கி வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் வலது கதவு தானாகத் திறந்தது. மேடை வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. பெரியவள் போய்விட்டாள்.

மேடையில் புயல் கதவைப் பார்த்தான். இவ்வளவு சீக்கிரம் சின்னவள் வர முடியாது என்று அவனுக்குத் தெரியும். வாய் திறந்தபடி நின்றது. விரல் மட்டும் பழக்கத்தில் நீண்டது.

"எங்க ஓடினாலும்..." என்று தொடங்கினான். "அந்த மச்சத்தை வச்சு..."

இந்த இடத்தில் அவளுக்கு வசனம் கிடையாது. முதுகைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். அவள் முதுகைக் காட்டவில்லை. நேராக அவன் முன்னால் வந்து நின்றாள்.

"அந்த மச்சம் போயிடுச்சு முதலாளி. எடுத்துட்டாங்க. கெட்டதுதானாம். ஆனா மேல் தோலோட நின்னிருக்காம். கீழ இறங்கவே இல்லையாம். இன்னும் கொஞ்சம் சுத்திலும் வெட்டி எடுத்துட்டா, அப்புறம் வருஷா வருஷம் காட்டினாப் போதுமாம். என்னை வச்சுக்கிட்டு நீங்க இன்னும் ரொம்ப நாள் கத்தலாம்."

கூட்டம் சிரித்தது. கடைசி வாக்கியத்துக்கு விசில்கூடப் பறந்தது.

முதலாளி உட்கார வேண்டிய காட்சி அது இல்லை. ஆனால் புயல் உட்கார்ந்தான். நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமல் உட்கார்ந்தான், இல்லை, தரையில் விழுந்தான். விழுந்த இடத்திலேயே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். அப்படி ஒரு நடிப்பை அந்த ஊர் பார்த்ததில்லை. முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது.

செட்டுக்குப் பின்னால் சின்னவள் அண்ணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்ன சொன்னா? எனக்குச் சரியாக் கேக்கல. என்ன சொன்னா அண்ணி?"

"இறங்கலையாம்" என்றாள் அண்ணி. "பிடிச்சுட்டோம்டி. நேரத்தோட பிடிச்சுட்டோம்."

சின்னவள் செருப்பைக் கீழே போட்டாள். அண்ணி தடுப்பதற்குள் இடது கதவுக்கு ஓடி, அதை உதைத்துத் திறந்துகொண்டு மேடைக்குள் பாய்ந்தாள். அக்காவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள்.

அரங்கம் எட்டிப் பார்த்தது. இரண்டு பேர். ஒரே முகம், ஒரே உடை. நாடகத்தின் கடைசி நிமிடத்துக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம், பாதி நாடகத்தில், எல்லா விளக்கும் எரிய, நடு மேடையில். பிறகு கூரை பிய்ந்தது.

"பாவிகளா, நாடகத்தைக் கெடுத்துட்டீங்களே" என்று புயல் தரையில் இருந்தபடியே கத்தினான். கண்ணில் நீரும் வாயில் சிரிப்புமாக இருந்தான். "இனிமே மிச்ச நாடகத்தை நான் யாரை வச்சு ஓட்டுறது?"

அண்ணி பக்கத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் செய்த கதவுகள் இரண்டும் அகலத் திறந்து கிடந்தன. சகோதரிகள் இருவரும் அவளுக்கு முதுகைக் காட்டி, ஆட்டமும் அழுகையுமாக நின்றார்கள். ஓடி வந்ததில் இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது. வலது தோள்களில் அவள் ஒற்றிய மச்சங்கள் இளகி, மெல்லிய கறுப்புக் கோடுகளாக முதுகில் வழிந்துகொண்டிருந்தன. ஈர ஸ்பாஞ்சு அவள் கையிலேயே இருந்தது. ஓடிப்போய்ச் சரிசெய்யலாம். அவள் செய்யவில்லை. இரண்டும் அழியட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.